பழைய தேதியில் புது மினிட்ஸ்

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்வி மையத்தில் உதவிப் பேராசிரியை. நான்கு மாதத்துக்கு முன் உள்தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நாக் தரமதிப்பீட்டுக்கான எஸ்எஸ்ஆர் (எங்கள் சுயமதிப்பீட்டு அறிக்கை) ஏற்றியாகிவிட்டது. அதில் கொடுத்த தரவுகளைச் சரிபார்க்கிற டிவிவி கேள்விகள் வந்து நிற்கின்றன. அடுத்து பியர் டீம் என்ற ஆய்வுக் குழு நேரில் வரும். அதே நேரத்தில், தொலைநிலைப் படிப்பு நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) டெப் பிரிவிடம் போடுகிற விண்ணப்பத்துக்கும் ஆவணம் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றா, வேறா என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. கடந்த சில ஆண்டுகளில் இரண்டு ஆண்டுக்கு எங்கள் உள்தர மையக் கூட்டக் குறிப்பே கோப்பில் இல்லை. இயக்குநரோ, "பழைய தேதி போட்டு மினிட்ஸ் தயார் பண்ணிடுங்கம்மா, எல்லா இடத்திலும் இதுதான் நடக்குது" என்கிறார். மறுக்கவும் பயமாக இருக்கிறது, செய்யவும் பயமாக இருக்கிறது. ஸ்டடி சென்டர்களுக்குப் போனால் என்ன பார்ப்பார்கள்? நான் எங்கிருந்து தொடங்குவது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள பேராசிரியருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: பழைய தேதி போட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். நியாயம் அநியாயம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அது மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மாட்டிக்கொள்கிற நாளில் காகிதத்தில் இருப்பது வாய்மொழியாகச் சொன்ன இயக்குநரின் கையெழுத்து அல்ல, ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து.

தொலைநிலைக் கல்வியில் பல காலம் குப்பை கொட்டியவன் நான். ஆய்வுக்கு ஆள் வரும்போது ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறேன். ஆய்வாளனாகப் போய் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப் போன ஓர் இடத்தில் உள்தர மையத்தின் நான்கு வருட மினிட்ஸை ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கலர் அட்டையோடு அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் குழுவில் வடக்கிலிருந்து வந்த ஒரு பேராசிரியை இருந்தார். அதிகம் பேசமாட்டார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு கையெழுத்தின் மேல் விரலை வைத்து நிறுத்தினார். கையெழுத்துப் போட்டவரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "நீங்கள் பேராசிரியரானது எப்போது?" என்று கேட்டார். போன வருடம் ஜூலையில் என்று அவர் பெருமையாகவே சொன்னார். ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே அவர் பெயருக்குக் கீழே 'பேராசிரியர்' என்று அச்சாகியிருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அம்மா ஃபைலை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அதோடு முடிந்தது. அன்றைக்கு அதற்குப் பிறகு நீட்டிய எந்தக் காகிதத்தையும் எங்கள் குழு முழுசாக நம்பவில்லை. நிஜமாகவே நடந்த வேலைகளின் கோப்புகளுக்கும் அதே கதிதான்.

சரி, அப்படியானால் அந்த இரண்டு ஆண்டை வெறுமையாக விட்டுவிடுவதா? இல்லை. மினிட்ஸ் இல்லை என்பதால் கூட்டமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நம் அலுவலகங்களில் கூட்டம் நடக்கும், காரசாரமாகப் பேசுவார்கள், வடை சாப்பிடுவார்கள், கலைந்துவிடுவார்கள். எழுத வேண்டிய ஆள் அடுத்த மாதமே வேறு துறைக்கு மாறியிருப்பார். தொலைநிலைக் கல்விக்கான யுஜிசியின் 2020 விதிமுறைகளின்படி உங்கள் உள்தர மையக் குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைவர். வெளியிலிருந்து இரண்டு வல்லுநர்கள் உண்டு. வெளியூர்க்காரர் வந்துவிட்டுப் பயணப்படி வாங்காமல் போவாரா? ஆகவே நேராக நிதிப் பிரிவுக்குப் போங்கள். அந்த இரண்டு ஆண்டின் வவுச்சர் கட்டுகளை எடுக்கச் சொல்லுங்கள். வல்லுநரின் பயணப்படி பில், அமர்வுப்படி ரசீது, விருந்தினர் விடுதிப் பதிவேடு, கேண்டீன்காரர் கொடுத்த பதினைந்து டீ பதினைந்து வடைக்கான பில், பழைய ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய அழைப்பு மின்னஞ்சல், யாராவது எடுத்த போட்டோ என்று ஏதாவது கிடைக்கும். வவுச்சர் பணத்துக்காக எழுதப்பட்டது, ஆய்வுக்காக எழுதப்பட்டதல்ல. அதனால்தான் அதற்கு மதிப்பு.

கிடைத்ததை எடுத்துக்கொண்டு இன்றைய தேதியில் ஒரு கூட்டம் போடுங்கள். முதல் பொருளாக, முந்தைய ஆண்டுகளின் கூட்ட விவரங்களைத் தொகுத்துப் பதிவு செய்வதை வையுங்கள். இன்ன தேதியில் கூட்டம் நடந்ததற்கு இன்னின்ன சான்று கிடைத்துள்ளது, முறையான குறிப்பு அப்போது எழுதப்படவில்லை, சான்றுகளின் நகல் இணைக்கப்பட்டுள்ளது, இனிமேல் கூட்டம் முடிந்த பத்து நாளில் குறிப்பு உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடப்படும் என்று தீர்மானம் எழுதுங்கள். எதுவுமே கிடைக்காத ஆண்டுக்குக் கூட்டம் நடந்ததற்கான பதிவு இல்லை என்றே எழுத வேண்டியதுதான். ஓர் அளவுகோலில் மதிப்பெண் போகும். போகட்டும்.

இயக்குநரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அவருக்கு நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். அவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, மேலிருந்து நெருக்கடி இருக்கும். அவரிடம் மூன்று நடைமுறைக் கேள்விகளைக் கேளுங்கள். "சார், அழைப்புக் கடிதத்துக்கு டெஸ்பாட்ச் நம்பர் எதைப் போடுறது?" அந்த வருடத்து அனுப்புகைப் பதிவேட்டில் வரிக்கு வரி நிரம்பியிருக்கும், நடுவில் நுழைக்க இடம் கிடையாது. இ-ஆபீஸ் வந்திருந்தால் கணினியே தேதி போட்டுவிடும். "சார், ஆண்டறிக்கையில என்ன இருக்கு?" உள்தர மையத்தின் ஆண்டறிக்கையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டுகளுக்கு யாராவது ஒப்புக்கு ஒன்றை ஏற்றியிருந்தால், அதில் ஒரு கூட்டத் தேதி இருக்கும், நீங்கள் புதிதாக எழுதுவதில் வேறொரு தேதி இருக்கும். "சார், பிடிஎஃப்ல உருவான தேதி தெரியுமே?" டிவிவிக்கு ஏற்றுகிற ஃபைலின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் அது பிறந்த நாள் தெரிந்துவிடும். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காதபோது அவரே "வேற வழி என்னம்மா?" என்பார். அப்போது வவுச்சர் கட்டைக் காட்டுங்கள்.

அப்படியும் வற்புறுத்தினால் சண்டை போடாதீர்கள், நோட் ஃபைலில் நான்கு வரி எழுதி மேலே அனுப்புங்கள். "குறிப்பிட்ட இரு கல்வியாண்டுகளுக்குரிய உள்தர மையக் கூட்டக் குறிப்புகள் கோப்பில் காணப்படவில்லை. கூட்டங்கள் நடைபெற்றதற்கான நிதிச் சான்றுகள் திரட்டப்பட்டுள்ளன. அவற்றைத் தற்போதைய கூட்டத்தில் வைத்துப் பதிவு செய்ய அனுமதி வேண்டப்படுகிறது." இதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் இந்தக் கோப்பு பதிவாளர் மேசையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். டெப் விண்ணப்பத்தோடு போகிற உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பதிவாளர். தன் கையெழுத்துக்குக் கீழே ஓட்டை இருப்பதை எந்தப் பதிவாளரும் விரும்புவதில்லை. உங்களுக்குத் துணைக்கு ஆள் அங்கிருந்துதான் வரும்.

இனி நாக், டெப் குழப்பம். இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. தமிழில் இரண்டுக்கும் 'அங்கீகாரம்' என்று ஒரே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேயே பிறக்கிறது. நாக் தருவது தரமதிப்பீடு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1994-ல் தொடங்கிய அமைப்பு, பல்கலைக்கழகம் முழுவதையும் எடைபோட்டு நான்குக்கு இத்தனை என்று புள்ளி கொடுக்கும். டெப் என்பது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு. அது தருவது அனுமதி: இந்தப் பருவத்திலிருந்து இந்தப் படிப்பில் ஆள் சேர்க்கலாம் என்ற அனுமதி. முன்பெல்லாம் இந்த வேலையை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுக்குள் 1991-ல் அமைந்த தொலைநிலைக் கல்விக் கவுன்சில் பார்த்தது. 2013-ல் அதைக் கலைத்து அதிகாரத்தை யுஜிசியிடம் கொடுத்தார்கள். 2017-ல் ஒரு விதிமுறை வந்தது. அதையும் இணையவழிப் படிப்புகளுக்கென்று 2018-ல் வந்ததையும் சேர்த்து 2020 செப்டம்பரில் புதிய விதிமுறை போட்டார்கள். இன்று உங்கள் மேசையில் இருக்க வேண்டிய புத்தகம் அதுதான்.

இரண்டும் வேறுதான், ஆனால் ஒன்றின் கழுத்தில் இன்னொன்று கட்டியிருக்கிறது. நேரடி முறை, தொலைநிலை இரண்டிலும் பாடம் நடத்துகிற உங்களைப் போன்ற இருமுறைப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பு நடத்த அனுமதி கேட்க வேண்டுமானால், நாக் புள்ளி குறைந்தது 3.01 இருக்க வேண்டும். இல்லையென்றால் மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலின் முதல் நூறுக்குள், கடந்த இரண்டு சுற்றில் ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும். நாக் கணக்கில் 3.01 முதல் 3.25 வரை 'ஏ'. 3.00 என்றால் 'பி++'. 0.01 வித்தியாசத்தில் வாசல் திறக்கிறது அல்லது மூடுகிறது. உங்கள் வேதியியல் துறை எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது என்பதில் ஒரு பஸ் கண்டக்டரின் எம்.ஏ. தமிழ் சேர்க்கை தொங்குகிறது. இது எனக்கு ஒருநாளும் முழுக்க நியாயமாகப் பட்டதில்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. இதன் மறுபக்கத்தையும் நேரடித் துறைக்காரர்களுக்கு நினைவூட்டுங்கள். இருமுறைப் பல்கலைக்கழகங்களுக்கு நாக் தனிக் கையேடு வைத்திருக்கிறது. உங்கள் மையத்தின் எண்களும் அவர்கள் புள்ளியில் கலக்கின்றன. தொலைநிலைக்காரர்களைப் பின்கட்டில் உட்கார வைத்துப் பழகிய பல்கலைக்கழகங்களில் இந்த ஒரு வாதம் நன்றாக வேலை செய்யும்.

டிவிவிக்கு வருவோம். நாக் மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 சதவீதம் எண் சார்ந்த அளவுகோல்களுக்கு. அதைப் பியர் டீம் பார்ப்பதில்லை, டிவிவிதான் எங்கோ உட்கார்ந்து உங்கள் பிடிஎஃப்களை வைத்துச் சரிபார்க்கிறது. மீதி 30 சதவீதத்துக்குத்தான் ஆட்கள் நேரில் வருகிறார்கள். ஆனால் நம் ஊரில் என்ன நடக்கிறது? டிவிவி பதிலை ஒரு டேட்டா என்ட்ரி தம்பியிடம் கொடுத்துவிட்டு, சுவருக்குப் பெயின்ட் அடிக்க நாற்பது பேரை விடுகிறோம்.

டிவிவியில் தொலைநிலை மையங்கள் சறுக்குவது பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையில். ஒரு கல்வியாண்டில் எத்தனை பேர் என்று கேட்டால், சேர்க்கைப் பிரிவு 5,200 என்கும், கட்டணப் பிரிவு 4,900 என்கும், தேர்வுப் பிரிவு 4,300 என்கும் என்று வைத்துக்கொள்வோம். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவர் விண்ணப்பித்தவரை எண்ணுகிறார், ஒருவர் பணம் கட்டியவரை, ஒருவர் தேர்வு எழுதப் பதிந்தவரை. இதற்கு மேல் டெப் தளத்தில் ஏற்றிய எண் ஒன்று, உயர்கல்விக் கணக்கெடுப்பான ஐஷேக்குக் கொடுத்த எண் ஒன்று. டிவிவி இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். நீங்கள் செய்ய வேண்டியது, எந்தத் தேதியில், யாரை 'மாணவர்' என்று எண்ணுகிறோம் என்று ஒரு வரியில் முடிவு செய்து, எல்லாப் பிரிவுகளையும் அந்த வரியில் நிறுத்துவது. எஸ்எஸ்ஆரில் ஏற்றிய எண் கூடுதலாக இருந்தால் டிவிவி பதிலில் குறைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்குத்தான் அந்தக் கட்டமே இருக்கிறது. தப்பான எண்ணைக் காப்பாற்ற இன்னொரு தப்பான சான்றை ஏற்றுவதுதான் ஆபத்து.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பத்து பதிவு எண்களிலிருந்து தொடங்குங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. கடந்த மூன்று வருடச் சேர்க்கைப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களைத் தொடுங்கள். நன்றாகப் படித்தவர், தெரிந்தவர் என்றெல்லாம் பொறுக்கக் கூடாது. பிறகு ஒவ்வோர் எண்ணின் பின்னாலும் நடந்து போங்கள். விண்ணப்பம் எங்கே? தகுதிச் சான்றிதழைச் சரிபார்த்தது யார்? 2024-க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண் இருக்கிறதா? பாடநூல் எந்தத் தேதியில் தபாலில் போனது, எந்தத் தேதியில் அவர் கைக்குக் கிடைத்தது? நேர்முக வகுப்பு வருகைத்தாளில் அவர் கையெழுத்து இருக்கிறதா? அசைன்மென்ட் பேப்பர் இருக்கிறதா, திருத்தியவர் மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா? தேர்வு மையத்தின் பார்வையாளர் அறிக்கை எங்கே? அந்த அறையின் சிசிடிவி பதிவு எங்கே? அதை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. ஹார்ட் டிஸ்க் ஏஜென்சிக்காரரிடமே இருக்கிறது என்று பதில் வரும் பாருங்கள். கடைசியில் மதிப்பெண் பட்டியல், பட்டம். நல்ல ஆய்வாளர் செய்வது இதேதான். மலைபோல் அடுக்கிய ஃபைலை அவர் பார்க்கமாட்டார், ஓர் எண்ணைச் சொல்லி "இவருடையதைக் காட்டுங்கள்" என்பார்.

பத்தில் பத்தும் முழுசாகக் கிடைக்கிற மையத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆறு கிடைத்தாலே நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். நூல் எங்கே அறுகிறது என்று பாருங்கள், எல்லாம் ஒரே இடத்தில் அறுந்தால் அதுதான் உங்கள் நோய். என் அனுபவத்தில் அறுகிற இடம் இரண்டு.

ஒன்று, பாடநூல் குடோன். ஒருமுறை அப்படி ஒரு குடோனுக்குள் போனேன். எலிப்புழுக்கை வாசனையோடு பழைய பாடத்திட்டப் புத்தகங்கள் கூரை வரை கட்டுக்கட்டாக நின்றன, புதிய பாடத்திட்டப் புத்தகம் அச்சகத்திலிருந்து வரவே இல்லை. தேர்வு மூன்று வாரத்தில். அச்சாணை கொடுத்த தேதி, புத்தகம் வந்த தேதி, அனுப்பிய தேதி, தேர்வுத் தேதி நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள், பல கேள்விகளுக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும். தொலைநிலையில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கணக்கு. புத்தகமே மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தால் இருபது கிரெடிட்டை அவர் எப்போது படிப்பார்?

இரண்டாவது, அசைன்மென்ட். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் வரை உள்மதிப்பீடு, குறைந்தது 70 சதவீதம் பருவத் தேர்வு. அந்த முப்பதுக்கு ஒரு கட்டில் இருக்கிற எல்லோருக்கும் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று போட்டிருந்தால், ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்கூட இல்லாமல் இருந்தால், தொலைநிலைக் கல்வியில் ஆசிரியர் மாணவரிடம் பேசுகிற ஒரே இடத்திலும் பேசவில்லை என்று அர்த்தம். பழைய கட்டை இப்போது திருத்தி எழுதாதீர்கள். அதுவும் பின்தேதி மினிட்ஸ்தான், வேறு உருவத்தில். இந்தப் பருவத்திலிருந்து திருத்துகிறவர்களிடம் ஒரு பேப்பருக்கு இரண்டு வரி கேளுங்கள்.

படிப்புத் திட்ட அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை, பிபிஆர் என்கிறோமே அது. டெப் விண்ணப்பத்தில் படிப்புக்கு ஒன்று வைக்க வேண்டும்: யாருக்காக இந்தப் படிப்பு, ஏன் தொலைநிலையில், எவ்வளவு செலவு, எப்படித் தேர்வு, தரத்தை எப்படிக் காப்பது என்றெல்லாம். கல்விக்குழு ஒப்புதலும் வேண்டும். வேறு பல்கலைக்கழகத்தின் அறிக்கையைத் தரவிறக்கி, பெயரை மட்டும் மாற்றி வைக்கிற பழக்கம் இருக்கிறது. கத்திரி வெயிலில் கோழி சுருண்டு விழுகிற ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையில், "பனிப்பொழிவுக் காலத்தில் நேர்முக வகுப்புகள் இணையவழியில் நடத்தப்படும்" என்று நானே படித்திருக்கிறேன். உங்களுடையதை ஒரு தடவையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாராவது வாய்விட்டுப் படிக்கட்டும். கூடவே படிப்புகளின் பட்டியலையும் பாருங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவை தொலைநிலையில் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு-ஊட்டச்சத்து ஆகியவற்றுக்கும் புதுச் சேர்க்கை கூடாது என்று யுஜிசி சொல்லியிருக்கிறது. பழைய துண்டறிக்கை எங்காவது ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள்.

இப்போது ஸ்டடி சென்டர். இன்றைய பெயர் கற்போர் உதவி மையம். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், ஜெராக்ஸ் கடை, டுட்டோரியல் மாடி என்று போர்டு மாட்டாத இடமில்லை. இப்போது ஃபிரான்சைஸ் முறைக்கு இடமில்லை. அந்தத் துறைப் படிப்பை நேரடி முறையில் நடத்துகிற கல்லூரியில், உங்கள் எல்லைக்குள், மையம் இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லா இடத்திலும் மாற்றியாகிவிட்டது. ஆனால் பலகைகள் அப்படியே தொங்குகின்றன. வருகிற குழு ரயில் நிலையத்திலிருந்து காரில் வரும்போதே பார்த்துவிடும். வேறு மாநிலத்தில் உங்கள் பெயரில் ஒரு பலகை தொங்கினால் அது இன்னும் பெரிய தலைவலி. பழைய மையங்களின் பட்டியலை எடுத்து, ஒப்பந்தம் முடிந்தது என்று கடிதம் அனுப்பி, பலகை இறங்கியதற்குப் போட்டோ வாங்கிக் கோப்பில் வையுங்கள். இந்த வாரமே.

சென்டருக்கு வந்தால் என்ன பார்ப்பார்கள்? கட்டடத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பாடம் எடுக்கிறவரின் தகுதிச் சான்று, வகுப்பு அட்டவணை, வருகைத்தாள், நூலகத்தில் தொலைநிலை மாணவர் பெயரில் ஏதாவது புத்தகம் வெளியே போயிருக்கிறதா என்ற பதிவேடு, குறைகேட்புப் பதிவேடு. குறைகேட்புப் பதிவேட்டில் ஒரு புகார்கூட இல்லை என்றால் சந்தேகப்படுவார்கள். ஐயாயிரம் பேர் படிக்கிற இடத்தில் ஒருவருக்கும் குறை இல்லை என்பதை யார் நம்புவது? புகார் வந்தது, இத்தனை நாளில் தீர்த்தோம் என்று இருந்தால் அது உங்களுக்குப் பெருமைதான்.

இன்னொரு சின்ன விஷயம், சின்னதாகத் தெரியும், ஆனால் இல்லை. நாக் மாணவர் மனநிறைவு ஆய்வை மின்னஞ்சலில் நேரடியாக மாணவருக்கே அனுப்பும். உங்கள் பட்டியலில் இருக்கிற மின்னஞ்சல் யாருடையது? விண்ணப்பம் போட்டது பிரவுசிங் சென்டரில். அங்கே இருந்த பையன் தன் கடை ஐடியைப் போட்டிருப்பான். ஒரே முகவரி நூறு பேருக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். போன் நம்பர் மச்சானுடையதாக இருக்கும். நாக் அனுப்புகிற கேள்விக்கு எட்டு மாதமாக மூடிக்கிடக்கிற ஒரு கடைதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தற்காலிகப் பணியாளர்களை உட்கார வைத்து மாணவர்களைக் கூப்பிட்டு ஐடியைத் திருத்துங்கள். கூப்பிடும்போது இப்படிப் பதில் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

பியர் டீம் வருகிற அன்றும் அதேதான். மாணவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். நான் ஆய்வாளனாகப் போன ஒரு மையத்தில் அரசுப் பேருந்து கண்டக்டர் ஒருவர், எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, காக்கிச் சட்டையோடு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். புத்தகம் எப்போது கிடைத்தது என்று கேட்டோம். "பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் சார் வந்துச்சு" என்றார். பக்கத்தில் நின்ற இயக்குநர் முகம் செத்துவிட்டது. கண்டக்டரோ தொடர்ந்து, "ஆனா இவங்க ஆபீஸ்ல எப்ப போன் போட்டாலும் எடுப்பாங்க சார். ஹால் டிக்கெட்ல பேரு தப்பா வந்துச்சு, ஒரே நாள்ல மாத்திக் கொடுத்தாங்க" என்றார். எங்கள் அறிக்கையில் இரண்டும் போயிற்று. ஒப்பித்துவிட்டுப் போன மற்ற ஆறு மாணவர்கள் சொன்னது எதுவும் போகவில்லை, நினைவிலேயே இல்லை.

உபசரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாப்பாடு போடுங்கள், நல்ல சாப்பாடாகவே போடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம், பட்டுப்புடவை, வெள்ளிக் குத்துவிளக்கு எதுவும். 2025 பிப்ரவரியில் ஒரு நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது செய்தியில் வந்ததுதானே. அந்தப் பொறுப்பு உங்களுடையதல்ல என்றாலும், யாராவது "கிஃப்ட் லிஸ்ட்" தயாரிக்கச் சொன்னால் அதிலும் உங்கள் கையெழுத்து இருக்கக் கூடாது.

கடைசியாக, மாணவர்கள். இந்தக் களேபரத்தில் அவர்கள் போன் போட்டு "எங்க டிகிரி செல்லுமா மேடம்?" என்று கேட்பார்கள். செல்லும் செல்லும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். நாக் புள்ளி குறைந்தால் ஏற்கெனவே வாங்கிய பட்டம் செல்லாமல் போகாது. அவர் சேர்ந்த அந்தப் பருவத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தால், பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று 2020 விதிமுறையே சொல்கிறது. இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் 3-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பாருங்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள், வாங்கிப் பல வருடம் கழித்து, வேலையில் பதவி உயர்வும் பெற்ற பிறகு, கேள்விக்குறியாகி நின்றன. படிப்புவாரியாக, பருவவாரியாக அனுமதிக் கடிதங்களை ஸ்கேன் செய்து உங்கள் மைய இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பாதி போன் நின்றுவிடும். ஆய்வுக்கும் அது உதவும்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: நாளைக்கு நிதிப் பிரிவு, வவுச்சர் கட்டு. அதன் பிறகு மாணவர் எண்ணிக்கையை ஒரு வரியில் நிறுத்துவது, ஏனென்றால் டிவிவிக்கு நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது. பலகை வேலையை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒப்படையுங்கள், அதற்கு நீங்கள் அலைய வேண்டாம். மாலையில் அறை காலியானதும் பத்து பதிவு எண்களை எடுத்து உட்காருங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எத்தனை எண் கடைசி வரை போய்ச் சேர்ந்தது, எது எங்கே அறுந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.